எலுமிச்சம்பழம் ஐந்து கல், தயிர்சாதம் நாலு

குமுதவல்லியின் வலது கை சுவரில் அப்பியிருந்த தயிர்சாதத்தைத் தோசைத் திருப்பியால் வழித்துக்கொண்டிருந்தது. இடது கை, வழிப்பது தரையில் சிந்தாமல் கீழே தட்டைப் பிடித்திருந்தது. தயிர்சாதத்தை ஈரம் இருக்கும்போதே எடுத்துவிட வேண்டும். காய்ந்தால் பெயின்ட்டோடு சேர்ந்துதான் வரும். ஆறு மாதப் பயிற்சியில் இதை யாரும் சொல்லித்தரவில்லை. இந்த வீட்டுக்கு வந்த மூன்று நாளில் அவளாகத் தெரிந்துகொண்டது.

"மேல ஒரு கடுகு ஒட்டிக்கினு கீது பாரு, நாலு," என்றார் கட்டிலில் இருந்தவர்.

நாலு என்பது அவள்தான். அவளுக்கு முன்னால் மூன்று பேர் வந்து போய்விட்டார்கள். அவர்களை ஒன்று, இரண்டு, மூன்று என்றுதான் அவர் கூப்பிட்டிருக்கிறார். பெயர் தெரியாமல் இல்லை. மாதத்துக்கு ஒன்று மாறுகிற பெயரை எதற்கு மனப்பாடம் செய்வது என்று நினைத்தார்.

அவர் பெயர் பராங்குசம். வயது எழுபத்து மூன்று. ஸ்ரீபெரும்புதூர்க்காரர். முப்பத்தைந்து வருஷம் பேப்பர் ஏஜென்ட். முதலில் சைக்கிளில், பிறகு மொபெட்டில், வண்டியை நிறுத்தாமலே வீடு வீடாகப் பேப்பர் வீசியவர். இருங்காட்டுக்கோட்டையில் கார் கம்பெனி ஆட்களுக்காக மாடி மேல் மாடியாக அறை கட்டியபோது, அவர் கையும் மாடி மாடியாக ஏறியது. மூன்றாம் மாடி பால்கனியில் காயப்போட்டிருக்கும் சட்டைக்கும் பனியனுக்கும் நடுவே பேப்பர் போய் விழும். ஐந்து மாதத்துக்கு முன்னால் பக்கவாதம் வந்து இடது கையையும் இடது காலையும் இழுத்துக்கொண்டது. வலது கையும் வாயும் அப்படியே இருந்தன. இந்த இரண்டையும் வைத்துக்கொண்டே, கைக்கு எட்டியதை எறிந்தும் திட்டியும், மூன்று பணிப்பெண்களை அவர் விரட்டிவிட்டார்.

இப்போது ஒரகடத்தில் மகன் வெங்கட்ரமணனின் அடுக்குமாடி வீட்டில், உள்ளறையில் இருந்தார். மகன் கார் கம்பெனியில் லைன் சூப்பர்வைசர். மருமகள் ரஞ்சனாவும் வேலைக்குப் போகிறவள். ஆகவே படப்பையில், வீடுகளுக்கு ஆள் அனுப்பும் ஒரு பீரோவிலிருந்து பகல் முழுக்கப் பார்த்துக்கொள்ள ஆள் வைத்திருந்தார்கள். அந்த ஆள்தான் குமுதவல்லி.

அவளுக்கு நாற்பத்தேழு வயது. பிறந்த ஊரும் வாழ்க்கைப்பட்ட ஊரும் சேரப்பணஞ்சேரிதான். நடுவில் இரண்டு தெரு. பதினோரு வருஷம் ஒரு கம்பெனியில் காருக்கான ஒயர்களை அளந்து வெட்டினாள். ஒயரைப் பார்த்ததுமே இது இரண்டு மில்லிமீட்டர் குட்டை என்று சொல்கிற கண் அவளுக்கு. காண்ட்ராக்ட் முடிந்ததும் கண்ணையும் அனுப்பிவிட்டார்கள். காஞ்சிபுரத்தில் நோயாளிப் பராமரிப்புப் பயிற்சி முடித்து இந்தத் தொழிலுக்கு வந்தாள். படுத்த ஆளைப் புரட்டுவாள், குளிப்பாட்டுவாள், புண் வராமல் பார்ப்பாள். வாயை மட்டும் அடக்க மாட்டாள். முதல் வீட்டில், "மாமியாருக்கு டயட் சார்ட் எல்லாம் சரிதான், சோறு எப்போ?" என்று கேட்டாள். திருப்பி அனுப்பிவிட்டார்கள். இரண்டாவது வீட்டில் மொத்தக் குடும்பத்தின் துணியையும் துவைக்கச் சொன்னபோது, "படுத்துக்கினு கீறவங்க துணி மட்டும் தாங்க, மத்தவங்கள முதல்ல படுக்கச் சொல்லுங்க," என்றாள். அங்கிருந்தும் அனுப்பிவிட்டார்கள்.

பீரோவில் ஒரு வழக்கம் உண்டு. வீட்டார் ஆள் வேண்டாமென்று திருப்பும் படிவத்தில் கையெழுத்துப் போட்டால் அது ஆளின் பெயரில் ஏறும். மூன்று படிவம் சேர்ந்தால் பெயரை அடித்துவிடுவார்கள். குமுதவல்லிக்கு இரண்டு ஏறியிருந்தது. ஒரகடத்தைச் சுற்றி இந்த வேலைக்கு வேறு பீரோ கிடையாது. ஒயர் வெட்ட நாற்பத்தேழு வயதில் யாரும் எடுக்க மாட்டார்கள். இந்த வீட்டில் தாக்குப்பிடிக்காவிட்டால் சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷனில் ஷேர் ஆட்டோ ஓட்டும் கணவன் சீனிவாசனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, 'ஒரகடம், ஒரகடம்' என்று ஆள் கூப்பிட வேண்டியதுதான்.

"அடிக்கிறாரா? நீயும் ஒண்ணு திருப்பி வுடேன்," என்று சீனிவாசன் யோசனை சொன்னான்.

"பயிற்சில அது இல்ல," என்றாள்.

ஆனால் ஒன்று செய்யலாம். எறிபவரை மாற்ற முடியாவிட்டால் எறிகிற பொருளை மாற்றலாம்.

முதலில் எவர்சில்வர் தம்ளரை எடுத்துவிட்டுக் காகிதக் கப் கொண்டுவந்தாள். பராங்குசம் கஞ்சியைக் குடித்துவிட்டு, கப்பைச் சுற்றிப் பார்த்துவிட்டு, முழு பலத்தையும் போட்டு வீசினார். அது கிளம்பியபோது நல்ல வேகத்தில்தான் கிளம்பியது. இரண்டு கல் தாண்டியதும் மனசு மாறிய மாதிரி நின்று, புரண்டு, தரைக்கு வந்துவிட்டது. தரையில் இரண்டடிச் சதுரக் கல் பதித்திருந்தார்கள். கட்டில் தலைமாட்டிலிருந்து வாசற்படி வரை ஐந்து கல். வாசற்படியை ஒட்டித்தான் குமுதவல்லி நாற்காலி போட்டு உட்காருவாள்.

"காத்து புடிச்சுக்கிச்சு," என்றார் பராங்குசம், தனக்குத்தானே.

மறுநாள் கப்பில் அரைவாசி ரசத்தை மிச்சம் வைத்து எறிந்தார். அது நின்று யோசிக்கவில்லை. நேராக வந்து அவள் தோளில் ரசத்தைக் கொடுத்துவிட்டுப் போனது. அதே கப், அதே கை. உள்ளே கனம் இருந்தால் காற்றால் ஒன்றும் செய்ய முடியவில்லை. குமுதவல்லி தோளைத் துடைத்துக்கொண்டே இதை யோசித்தாள். அன்றிலிருந்து கடைசி வாய் வரை குடிக்கவைத்த பிறகே கையை விட்டாள். கிழவருக்கு உடம்பில் தண்ணீர் ஏறியது. அதுவும் நல்லதுதான்.

பிறகு துண்டு. உலர்ந்த துண்டு விரிந்துகொண்டு ஒன்றரைக் கல்லில் விழுந்தது. அதையே அவர் தண்ணீர்க் கிண்ணத்தில் முக்கி, பல்லால் ஒரு நுனியைக் கடித்து முடிச்சுப் போட்டு வீசினார். மூன்றே முக்கால் கல் வரை நேராகப் போய், பிறகு இறங்கிச் சுவரில் பட்டது. ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலை முழுசாக எறியப் பார்த்தார். அது கட்டில் காலடியிலேயே விழுந்து அறையை ஏரியாக்கியது.

"கனம் ஜாஸ்தியானா கைக்கு வேகம் வராது," என்றார்.

"கனம் கம்மியானா காத்து வுடாது," என்றாள் குமுதவல்லி, துடைத்துக்கொண்டே.

"அதான். நடுவுல ஒண்ணு வேணும்."

"நான் தர மாட்டேன்."

"கேட்டேனா?"

எலுமிச்சம்பழம்தான் அந்த நடுவில் ஒன்று. சமையற்கட்டிலிருந்து சாறு பிழியக் கொண்டுவந்து மேசைமேல் வைத்ததை ஒரு நிமிஷம் மறந்துவிட்டாள். பழம் அவள் தலைக்கு மேல் ஐந்து கல் தூரத்தையும் தாண்டிப்போய்ச் சுவரில் மோதியது. அவள் எலுமிச்சம்பழங்களை அன்றே குளிர்பெட்டியின் அடித்தட்டுக்கு மாற்றினாள்.

காற்றை வைத்தும் சண்டை போட்டாள். ஆடி மாதம், ஜன்னலைத் திறந்துவிட்டால் கப் ஒரு பக்கமாக ஓடி அலமாரிமேல் ஏறிக்கொள்ளும். மின்விசிறியை ஐந்தில் வைத்தால் துண்டு பாதி வழியில் கீழே அமுங்கும். பராங்குசம் "குளுருது" என்பார். அவள் போர்வையைக் கழுத்துவரை இழுத்துவிடுவாள். போர்வைக்குள்ளிருந்து எறிவது கஷ்டம்.

தினமும் எழுத வேண்டிய நோட்டு ஒன்று உண்டு. ரத்த அழுத்தம், சாப்பாடு, மாத்திரை, சிறுநீர், மலம், கடைசியில் உடற்பயிற்சி. பராங்குசம் பிசியோதெரபி ஆள் வந்தால் தூங்குகிற மாதிரி கண்ணை மூடிக்கொள்வார். உடற்பயிற்சிக் கட்டம் மூன்று மாதமாகக் காலியாகவே கிடந்தது. காலிக் கட்டம் குமுதவல்லிக்குப் பிடிக்காது. கம்பெனிப் பழக்கம். உண்மையில் என்ன நடந்ததோ அதை, பொருள் கீழே இறங்கத் தொடங்கும்வரை எத்தனை கல் என்ற கணக்கில் எழுதினாள். 'காகிதக் கப் இரண்டு கல். ஈரத்துண்டு மூன்றே முக்கால். தயிர்சாதம் நாலு. எலுமிச்சம்பழம் ஐந்து.'

இப்படி எழுதும் பெண்ணுக்கு ஒரு நாள் கணக்கு இடித்தது. சுவரில் துடைத்தும் போகாத கறைகள் மிச்சம் இருந்தன. தயிர்சாதம் அவள் காதுக்கு நேராக. துண்டின் ஈரம் அதற்குக் கீழே. எலுமிச்சை வாசற்படி நிலைக்கு மேலே. மூன்றும் ஒரே கோட்டில், எலுமிச்சை மட்டும் ரொம்ப உயரத்தில். மூன்றாம் மாடி பால்கனிக்குக் குறி தப்பாமல் போட்ட ஆள், உட்கார்ந்திருக்கும் ஒரு பொம்பளையை இவ்வளவு தப்பாகவா அடிப்பார்?

மறுநாள் நாற்காலியை ஜன்னலோரம் போட்டு உட்கார்ந்தாள். ஈரத்துண்டு அவள் பக்கம் திரும்பவே இல்லை. பழைய இடத்துக்கே போய்க் காலிச் சுவரில் விழுந்தது. குமுதவல்லி தலையை நிமிர்த்தினாள். வாசற்படி நிலைக்கு மேலே, சுவரில் ஒட்டவைத்த சின்ன வெள்ளைக் கேமரா இருந்தது. கிழவரை வேலையிடத்திலிருந்து பார்ப்பதற்காக வெங்கட்ரமணன் வைத்தது. படம் மட்டும் போகும், சத்தம் போகாது.

"ஏன் ஐயா, கேமராவா?" என்றாள்.

பராங்குசம் முதல்முறையாகச் சிரித்தார். "உன்னை அடிக்கணும்னா வந்த அன்னிக்கே அடிச்சிருப்பேன். நீதான் குறுக்கால உக்காந்துகினே. உனக்கு முன்னாடி வந்த மூணு பேரும் அங்கதான் உக்காந்தாங்க. நான் இன்னா பண்றது? கை எட்டல, பொருள் நடுவழியிலயே இறங்குது."

"சொல்லியிருந்தா நானே ஒரு துணியைப் போட்டு மூடியிருப்பேனே."

"மூடினா ஃபோன் பண்ணுவான். ஒடஞ்சாதான் வருவான்."

குமுதவல்லிக்கு இதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை. அவளே பார்த்திருக்கிறாள். ஷிஃப்ட் முடிந்து வந்தால் வெங்கட்ரமணன் கூடத்தில் சோபாவில் சாய்ந்து, ஃபோனை எடுத்து, உள்ளறையில் இருக்கும் அப்பாவை அதில் பார்ப்பான். சோபாவிலிருந்து உள்ளறைக்குப் பத்து எட்டு. 'சாப்ட்டாரா?' என்று அவளுக்குச் செய்தி அனுப்புவான். அவள் 'சாப்ட்டார்' என்று பதில் அனுப்புவாள். நடுவில் ஒரு திரைச்சீலைதான். கெட்ட பிள்ளை இல்லை. அப்பாவின் இழுத்துக்கொண்ட கையை நேரில் பார்க்க அவனுக்கு வரவில்லை, அவ்வளவுதான். இப்படிப்பட்ட மகன்களை அவள் ஊரிலும் பார்த்திருக்கிறாள்.

மறுநாள் காலை அவர் பேப்பரைக் கையில் எடுத்தார். தம்ளர், பழம், பாட்டில் எல்லாம் போய் எட்டுகிற இடத்தில் மிச்சமிருந்தது அன்றன்றைய பேப்பர்தான். விரித்தபடி எறிந்தால் காத்தாடி மாதிரி ஆடிக்கொண்டு ஒரு கல்லுக்குள் விழும்.

"விரிச்ச பேப்பர் காத்துக்கு, மடிச்ச பேப்பர் எனக்கு," என்றார். "இறுக்கி மடிச்சு நுனியை உள்ள சொருகிட்டா அதும்பாட்டுக்குப் போவும். ஆனா அதுக்கு ரெண்டு கை வேணும்."

ஒரு கையால் மடித்தார். பிரிந்தது. முழங்காலால் அழுத்தினார். பிரிந்தது. பல்லால் கடித்தார். தலைப்புச் செய்தி நனைந்தது. குமுதவல்லி கீரை ஆய்ந்துகொண்டு, பார்க்காத மாதிரி பார்த்துக்கொண்டிருந்தாள். நாலாவது நாள் பேப்பரின் ஓரம் நழுவியபோது, போர்வையின்மேல் சும்மா கிடந்த இடது கையின் கட்டைவிரல் ஒரு நெல் அளவுக்கு நகர்ந்து அதை அழுத்தியது. அவருக்கே தெரியவில்லை. அவர் வலது கையைத் திட்டிக்கொண்டிருந்தார்.

குமுதவல்லி கீரையை வைத்துவிட்டாள். வேலை இல்லாத கை வேலையை மறந்துபோகும். இது பயிற்சியில் சொன்னது. ஞாபகப்படுத்த ரப்பர் பந்தைக் கொடு, அமுக்கச் சொல் என்றும் சொன்னார்கள். ரப்பர் பந்தை இவர் ஜன்னல் வழியாக அனுப்பியாகிவிட்டது. பேப்பர் மடிக்கிறேன் என்று அந்தக் கையே எழுந்து வருகிறபோது, குறுக்கே நிற்க அவளுக்கு என்ன பைத்தியமா?

கேமரா உடைந்தால் பழி தன்மேல்தான் வரும் என்று தெரியும். மூன்றாவது படிவம் ஏறும் என்றும் தெரியும். ஒரு நிமிஷம் உட்கார்ந்து யோசித்தாள். கேமராவைத் திரும்ப ஒட்டிக்கொள்ளலாம். கையை அப்படி ஒட்ட முடியாது. எழுந்து மின்விசிறியை நிறுத்தினாள். அன்றிலிருந்து பேப்பரை வலப்பக்கம் வைக்காமல் இடப்பக்கம் வைத்தாள். அவர் எறிந்ததை எடுத்துவந்து, மறுபடி அதே பக்கம் கொடுத்தாள்.

"இன்னா நாலு, கட்சி மாறிட்டியா?" என்றார்.

"வேர்க்குது, அதான் ஃபேனை நிறுத்தினேன்."

"வேர்த்தா ஃபேன் போடுவாங்கடி."

"எங்கூர்ல நிறுத்துவோம்."

அடுத்த பத்து நாள் அந்த அறையில் பகல் முழுக்க பேப்பர் பறந்தது. இடது கை மடிப்பைப் பிடித்தது, விட்டது, மறுபடி பிடித்தது. நோட்டில் 'இடது கட்டைவிரல் அழுத்துகிறது', 'ஆள்காட்டி விரலும் சேர்ந்தது' என்று ஏறியது. சனிக்கிழமை, இறுக்கி மடித்த பேப்பர் சுழன்றுகொண்டு மேலேறிக் கேமராவின் நெற்றியிலேயே பட்டது. கேமரா அசையவில்லை. பொத்தென்று பேப்பர்தான் கீழே விழுந்தது.

"கனம் பத்தல. சனிக்கிழமை பேப்பர் இளைச்சது," என்றார் பராங்குசம். "நாளைக்கு ஞாயிறு. இணைப்போட குண்டா வரும். நாளைக்கு இருக்குது அதுக்கு."

குமுதவல்லி விழுந்து விழுந்து சிரித்தாள். சிரித்தபடியே பேப்பரைப் பொறுக்கி அவர் கையில் வைத்தாள்.

அந்த நேரம் பார்த்து வெங்கட்ரமணன் கம்பெனி கேன்டீனில் டீயோடு உட்கார்ந்து ஃபோனைத் திறந்திருந்தான். அவனுக்குத் தெரிந்தது இதுதான்: அப்பா ஆத்திரத்தில் எதையோ எறிகிறார். பார்த்துக்கொள்ள வந்த பெண்மணி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறாள். அதை எடுத்துவந்து, எறி எறி என்பது போல மறுபடி கொடுக்கிறாள். மடக்கி வைத்த முழங்காலுக்குப் பின்னால் இருந்ததால் இடது கை படத்தில் விழவே இல்லை. டீ ஆறுவதற்குள் பீரோவுக்கு ஃபோன் போட்டுவிட்டான்.

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு பீரோவை நடத்தும் சௌந்தர்யா படிவத்தோடு வந்தாள். குமுதவல்லியைவிடப் பத்து வயது சின்னவள். வேலை என்று வந்துவிட்டால் முகம் பார்க்க மாட்டாள். ரஞ்சனா முன்யோசனையாகக் காலையிலேயே ஞாயிற்றுக்கிழமைப் பேப்பர், தலையணை, மாத்திரை டப்பா எல்லாவற்றையும் உள்ளறையிலிருந்து எடுத்து அலமாரியில் வைத்துப் பூட்டியிருந்தாள். வெங்கட்ரமணன் வாசற்படியைத் தாண்டி அறைக்குள் வந்து நின்றான். இந்த மாதத்தில் அது முதல் தடவை.

"நோயாளியைச் சீண்டிவிட்டு வேடிக்கை பாக்குறாங்க மேடம். நானே பாத்தேன்," என்றான்.

சௌந்தர்யா திரும்பினாள். "குமுதா, உண்மையா?"

"எறியச் சொன்னது உண்மை. சீண்டினதும் கொஞ்சம் உண்மை," என்றாள் குமுதவல்லி. "நோட்டைப் பாருங்க."

சௌந்தர்யா நோட்டைப் புரட்டினாள். "உடற்பயிற்சி: எலுமிச்சம்பழம் ஐந்து கல், தயிர்சாதம் நாலு." நிமிர்ந்து பார்த்தாள். "இன்னாதிது?"

"அடுத்த பக்கம் பாருங்க. கட்டைவிரல்னு போட்டிருக்கேன்."

"அந்தக் கை அசையாதுன்னு பிசியோதெரபிஸ்ட் எழுதியே குடுத்திருக்கார்," என்றான் வெங்கட்ரமணன்.

"அந்தக் கையை நீங்க எப்போ பாத்தீங்க சார்?"

"தினமும் பாக்குறேன்."

"ஃபோன்லதானே?"

ரஞ்சனா இருமினாள். வெங்கட்ரமணனின் முகம் சிவந்தது. "மேடம், படிவத்தைக் குடுங்க. கையெழுத்துப் போட்டுடுறேன்."

போட்டான். குமுதவல்லி பையில் தன் சேலையையும் சீப்பையும் எடுத்துவைக்கத் தொடங்கினாள். அழுகிற ஆள் இல்லை. நாளைக்கு சீனிவாசன் பக்கத்தில் உட்காருவதற்குத் தொண்டை தாங்குமா என்றுதான் நினைத்துக்கொண்டாள்.

"நோயாளிக்கு நினைவு இருந்தா அவரும் போடணும். எங்க ரூல்," என்று சௌந்தர்யா படிவத்தை அட்டையில் செருகிப் பராங்குசத்தின் மடியில் வைத்துப் பேனாவை நீட்டினாள்.

அதுவரை வாயைத் திறக்காதவர் அவர்தான். மூன்று பேரை விரட்டியவர். நாலாவது தானாகவே போகிறது. கையெழுத்து ஒன்றுதான் பாக்கி. படிவத்தை மேலிருந்து கீழே படித்தார். பேனாவை வாங்கிப் பக்கத்தில் வைத்தார். அட்டையிலிருந்து படிவத்தை உருவினார்.

நீளவாக்கில் ஒரு மடிப்பு. இடது கை போர்வையிலிருந்து மெதுவாக ஊர்ந்து வந்து அதன்மேல் ஏறியது. கட்டைவிரல் அழுத்தியது. வலது கை இன்னொரு மடிப்பு மடித்தது. இடது கையின் இரண்டு விரல் சேர்ந்து ஓரத்தைப் பிடித்தன, நடுங்கின, விடவில்லை. வெங்கட்ரமணன் குனிந்து அந்த விரல்களைப் பார்த்தான்.

ஒற்றைத் தாள். எவ்வளவு மடித்தாலும் ஒற்றைத் தாள்தான். பராங்குசம் கையில் வைத்துக் கனம் பார்த்தார். உதட்டைப் பிதுக்கினார். சுற்றும் முற்றும் பார்த்தார். மேசை காலி, கட்டில் காலி, ரஞ்சனா ஒன்றும் விட்டுவைக்கவில்லை. பிறகு வாய்க்குள் கையை விட்டு மேல்வரிசைப் பல்செட்டைக் கழற்றினார்.

"அப்பா," என்றான் வெங்கட்ரமணன்.

பல்செட்டைப் படிவத்தின் நடுவில் வைத்து இறுக்கிச் சுற்றி, நுனியை இடது கட்டைவிரலால் உள்ளே சொருகினார். பிறகு, கீழே மொபெட் ஓடிக்கொண்டிருப்பது போலவும் மூன்றாம் மாடியில் யாரோ காத்திருப்பது போலவும், முழங்கையை உள்ளே இழுத்து மணிக்கட்டைச் சுண்டி வீசினார். அது யாருடைய தலையையும் குனியச் சொல்லவில்லை. எல்லாருக்கும் மேலாக, தட்டையாகச் சுழன்று ஏறி, கேமராவின் கழுத்தில் போய் இடித்தது. கேமரா ஒட்டுப்பட்டையோடு பெயர்ந்து, ஒயரில் ஒரு தரம் ஊஞ்சலாடி, தரையில் விழுந்தது. படிவம் பிரிந்து ஒரு பக்கம் போயிற்று. பற்கள் கூடத்தை நோக்கிச் சறுக்கிக்கொண்டு ஓடி சோபாவின் அடியில் நின்றன.

பராங்குசம்தான் முதலில் பேசினார். பல் இல்லாததால் குழறலாக நாலு சொல் வந்தது.

"இன்னா சொல்றார்?" என்றாள் சௌந்தர்யா.

"கேமரா போச்சு, பாக்கணும்னா இனிமே நீயே வந்து பாரு, இந்தப் பொம்பள இருக்கட்டும், கஞ்சியில உப்பு மட்டும் கொஞ்சம் கூடப் போடச் சொல்லுங்கிறார்," என்றாள் குமுதவல்லி.

"அவ்வளவா சொன்னார்?"

பராங்குசம் ஒரு நிமிஷம் யோசித்துவிட்டு, ஆமென்று தலையாட்டினார்.

வெங்கட்ரமணன் கட்டிலருகே போனான். அப்பாவின் இடது கையைத் தொடவில்லை. பக்கத்தில் தன் கையை வைத்தான். கிழவரின் இரண்டு விரல் மெல்ல நகர்ந்து வந்து அவன் சட்டைக் கையின் ஓரத்தை மடிப்பது போலப் பிடித்தன. அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். ரஞ்சனா சோபாவை நகர்த்தப் போய்விட்டாள்.

சௌந்தர்யா தரையிலிருந்த படிவத்தை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்தாள். எச்சிலில் நனைந்து, மகனின் கையெழுத்து நீலமாகக் கரைந்திருந்தது. "இது செல்லாது சார். வேற படிவம் ஆபீஸ்லதான் இருக்கு. போய் எடுத்துட்டு வரட்டுமா?"

"வேணாம் மேடம்."

"அப்போ குமுதா இருக்கட்டுமா?"

"இருக்கட்டும்."

"நான் இருக்கணும்னா ரெண்டு விஷயம் சார்," என்றாள் குமுதவல்லி, பையைத் தோளிலிருந்து இறக்காமல். "கேமராவைத் திரும்ப மாட்டக் கூடாது. அப்புறம், இவரு எறியறதுக்கு எதிர்ல ஒரு ஆள் உக்காரணும். இவ்வளவு நாள் நான் உக்காந்தேன். எனக்குச் சமையற்கட்டுல வேலை இருக்குது. ஷிஃப்டுக்குப் போறதுக்கு முன்னாடி பத்து நிமிஷம் நீங்க உக்காருங்க."

"பத்து நிமிஷம் போதுமா?"

"முதல்ல பத்து நிமிஷம் உக்காந்து பாருங்க."

சௌந்தர்யா சிரிப்பை நோட்டுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு செருப்பைத் தேடப் போனாள். பல்செட்டில் ஒரு பல் போயிருந்தது. ஓட்டை வழியாகப் பராங்குசம் அன்று சாயந்திரம் முழுக்க விசில் அடிக்கப் பழகினார்.

மறுநாள் காலை ஆறு மணிக்கு வெங்கட்ரமணன் கம்பெனி யூனிஃபார்மில், கழுத்தில் அடையாள அட்டையோடு, பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு உள்ளறைக்கு வந்தான். கட்டிலிலிருந்து இரண்டு கல் தள்ளிப் போட்டு உட்கார்ந்தான். குமுதவல்லி மின்விசிறியை நிறுத்தினாள். பேப்பரை இடப்பக்கம் வைத்தாள். பராங்குசம் இரண்டு கையாலும் மடிக்கத் தொடங்கினார். ஒரு தரம் பிரிந்தது. இன்னொரு தரம் பிரிந்தது. மகன் எழுந்து உதவப் போனான். குமுதவல்லி அவன் தோளை அழுத்தி உட்காரவைத்தாள். மூன்றாவது தரம் நுனி உள்ளே போயிற்று.

பராங்குசம் எறியவில்லை. மகனையும் தரையையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இவ்ளோ கிட்ட உக்காந்தா எனக்கு மரியாதையாடா?" என்றார்.

வெங்கட்ரமணன் எழுந்து, நாற்காலியை இன்னும் இரண்டு கல் பின்னால் நகர்த்திப் போட்டு, கடிகாரத்தைப் பார்க்காமல் உட்கார்ந்தான்.